மாப்ள இணைப்பில் இருக்கிறார்

வில்லாபுரம், மதுரை
ஞாயிறு மாலை

அன்புத் தம்பி பீமாராவுக்கு அக்கா முத்துமீனா எழுதுவது.

எங்கள் வீட்டு வைஃபை எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது? லேப்டாப் வந்து சேர்ந்த அன்று நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள், நாளை முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு உட்காரப் போகிறவள், தன் வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டியைப் பற்றித் தெரியாது என்று எழுதுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முறைப்படி நலம் விசாரித்துவிட்டுத்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்குக் கால்வலி போன மாதத்தைவிடக் குறைவு, பேச்சு போன மாதத்தைவிட அதிகம். புனேக் குளிரில் நீ தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு படுக்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். நாளை மறுநாள் அவள் உனக்குக் கூரியரில் கருப்பட்டி மிட்டாய் அனுப்புகிறாள், இந்தக் கடிதத்தையும் அதே பெட்டியில் வைத்துவிடுவேன். போனில் சொல்லலாமே என்பாய். நன்றி என்று போனில் நான் தொடங்கினால் போதும், ‘சரிக்கா, அம்மா எங்க’ என்று நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

இந்தக் கடிதம் முழுக்க முழுக்க நன்றிக்காகத்தான். நன்றி ஏன் இவ்வளவு நீளம் என்பது உனக்குப் புரிய வேண்டுமானால் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். போனில் உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொன்னேன், அதுவும் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி நின்றுகொண்டு. ஏனென்றால் எங்கள் தெருவில் போன் சிக்னல் அந்த ஒரு இடத்தில்தான் வருகிறது, அதுவும் காற்று அடித்தால் விட்டு விட்டு. நெறியாளருக்கு முழங்கால் அறுவை ஆகி அவர் வீட்டில் இருக்கிறார். புறத்தேர்வாளர் வடக்கே இருக்கிறார். அதனால் அவரவர் இடத்திலிருந்து இணையம் வழியாகவே தேர்வை வைத்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் அனுமதித்தது. கல்லூரியில் போய் உட்காரலாம் என்று பார்த்தால் தரமதிப்பீட்டுக் குழு வருகிறதென்று அங்கே கணினி அறைக்கு வண்ணம் அடிக்கிறார்கள், நாற்காலிகள் எல்லாம் மைதானத்தில் கிடக்கின்றன. நெறியாளர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். தேர்வு தள்ளிப்போனால் புது நெறியாளர், புதுக் குழு, புதுக் கையெழுத்துகள், பழைய நான். இத்தனைக்கும் நடுவில் என் பழைய லேப்டாப் ஒரு நாள் காலையில் திரை கறுத்து அப்படியே நின்றது. நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் நீ புதியதை வாங்கி அனுப்பினாய். பெட்டியைப் பிரித்தபோது அம்மா, ‘நம்ம தட்டு கணக்கா இம்புட்டு மெலிசா இருக்கு, இதுக்குள்ள என்னத்த வச்சிருப்பான்’ என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

உனக்குத் தெரியும், மாடியில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம், கீழே வீட்டுக்காரர் நல்லகாமன் ஐயா குடும்பம். இணையம் வாடகையோடு சேர்ந்தது. அவர் வீட்டுச் சாமி அலமாரிக்கு மேலே ஆணியில் தொங்கும் அந்த வைஃபை பெட்டி, அவருடைய மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து தன் கையாலேயே மாட்டிக் கொடுத்தது. இணைப்புக்கு மாப்பிள்ளை வைத்த பெயரும் அதுதான், ஆங்கில எழுத்தில், ‘மாப்ள’. இத்தனை நாள் இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. புது லேப்டாப்பில் கடவுச்சொல்லைப் போட்டேன். சுற்றியது, சுற்றியது, பிறகு ஒரு வரி காட்டியது. அம்மா என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். ‘மாப்ளயுடன் இணைக்க முடியவில்லை’ என்று மொழிபெயர்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை. ‘இதச் சொல்லவா அவ்வளவு தூரத்துல இருந்து வாங்கி அனுப்புனான்? இது எனக்கு இருவது வருசமாத் தெரியுமே’ என்றாள். நான் பதில் சொல்லவில்லை. மறுபடி கடவுச்சொல்லைப் போட்டேன். மாப்ளயும் பதில் சொல்லவில்லை.

மறுநாள் கல்லூரி முடிந்து திருப்பரங்குன்றத்தில் ஒரு கணினிக் கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே லேப்டாப் வாசலிலேயே கடையின் இணைப்பைப் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ‘மேடம், உங்க லேப்டாப் மேல தப்பே இல்ல. இது இந்தக் காலத்துப் பிள்ள, அந்தப் பெட்டி அந்தக் காலத்து மனுசன். ரெண்டுக்கும் செட்டாகாது. புதுப் பெட்டி மாட்டிருங்க’ என்று அலமாரியைத் திறந்தார். தொட்டி ஓரத்தில் நின்று இதை உன்னிடம் சொன்னபோது உனக்கு வந்த கோபத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. ‘எவன் சொன்னான் உனக்கு? புதுசுக்குப் பழசு அம்புட்டும் தெரியும்க்கா. பழசுக்குத்தான் புதுசு தெரியாது. உன் லேப்டாப்புக்குள்ள இருக்குற வைஃபை அட்டைக்கு ஜி, என், ஏசி, ஏஎக்ஸ்னு வரிசையாப் போட்டிருக்கும் பாரு, அதெல்லாம் அதுக்குத் தெரிஞ்ச பாஷ. பெட்டிகிட்டப் போயி நீ எந்தப் பாஷ பேசுவன்னு கேட்டுட்டு, அதுக்கு ஏத்தாப்ல எறங்கிப் பேசும். வேகம் மட்டும் பெட்டியோட வேகந்தான்’ என்றாய். பின்னே ஏன் பேசவில்லை என்று கேட்டேன். நீ கொஞ்சம் யோசித்து, ‘பாஷ பிரச்சினையில்ல, பூட்டுதான் சந்தேகம். அந்தக் காலத்துப் பூட்டு ரொம்ப இளிச்சவாய்ப் பூட்டு, இப்ப உள்ள லேப்டாப் அத நம்பாது. பெட்டிக்குள்ள போயி பூட்டு வகைய மட்டும் மாத்தச் சொல்லு’ என்றாய். உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் உன்னை நம்பவில்லை. தன் கொள்கை பொய்த்தால் உடனே ஒரு விதிவிலக்கு சொல்வது பொருளாதார அறிஞர்களின் பழக்கம். பொறியாளர்களுக்கும் அது உண்டு போல என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்துக்கொண்டே கீழே இறங்கிப் போனேன். நல்லகாமன் ஐயா வேலையில் இருந்த காலமெல்லாம் அரசுப் பேருந்தில் நடத்துனர். ஓய்வு பெற்றும் பேருந்தை விட்டு இறங்கவில்லை. நான் சொல்ல வந்ததைப் பாதியிலேயே நிறுத்தினார்.

‘ஏற மாட்டேங்குதா? டிக்கெட் கரெக்டாப் போட்டீகளா?’

அவர் டிக்கெட் என்பது கடவுச்சொல்லை. போட்டேன் என்றேன்.

‘அப்பக் கூட்டந்தான் டீச்சரம்மா. எங்க வீட்டுலயே அம்புட்டு போன் ஏறி உக்காந்திருக்கு, வண்டி எப்படி நகரும்? ஏத்தா திவ்யா, எல்லாரும் எறங்குங்க. டீச்சரம்மா மொதல்ல ஏறட்டும்.’

அவருடைய மனைவி சோலையம்மாள் போனில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தவர், ‘அந்தச் சிறுக்கி இப்பத்தான் மாட்டப்போறா, இந்நேரம் பாத்து எறங்கச் சொல்லுறீகளே’ என்று சொல்லிக்கொண்டே போனை அணைத்தார். மருமகள் திவ்யாவும் அணைத்தாள். வண்டி காலியானது. லேப்டாப் ஏறவில்லை.

பூட்டு வகையை மாற்றுவது பற்றி மெதுவாக எடுத்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

‘அதத் தொறக்குற சாவி மாப்ளகிட்ட மட்டுந்தான் இருக்கு டீச்சரம்மா. போன் போட்டுக் கேட்டா, நீங்க குடுத்த பெட்டி சரியில்லன்னு நாங்க சொன்ன மாதிரி ஆயிரும்ல. தையில வாராரு. வந்ததும் செருப்பக் கழட்டிட்டு மொதல்ல அண்ணாந்து இதத்தான் பாப்பாரு. பெட்டி இல்லன்னா ஒரு வார்த்த கேக்க மாட்டாரு. அதான் பயம். கேக்குற மாப்ளயச் சமாளிச்சுரலாம், கேக்காத மாப்ளய என்ன செய்யுறது?’

நான் அதற்கு மேல் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று நீ போனில் கத்தினாய். உனக்கு அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். இந்த ஊரில் நாங்கள் வீடு தேடிய வருடம் உனக்கு நினைவிருக்கும். பெயரைக் கேட்டார்கள், ஊரைக் கேட்டார்கள், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள், பிறகு ‘சொந்தக்காரங்க வாராங்க’ என்றார்கள். இவர் ஒருவர்தான், ‘அம்மாவுக்கு மாடிப்படி ஏற முடியுமா’ என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார். அப்படிப்பட்டவரிடம் போய் உங்கள் மாப்பிள்ளையின் பெட்டியைக் கழற்றுங்கள் என்று எப்படிச் சொல்வேன்?

அவரும் சும்மா இருக்கவில்லை. போன மாதம் ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ எல்லாம் வைத்திருந்தார். ‘அதுக்கு வச்சோம், உங்க லேப்டாப் அப்ப ஊருல இல்ல. அந்தக் குறையா இருக்கும்’ என்று முடிவுக்கு வந்து, லேப்டாப்பைச் சாமி அலமாரிக்கு முன்னால் மனையில் வைக்கச் சொல்லி மூடியின் மேல் சந்தனப் பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டார். ‘ஒரே பொட்டு வச்சாச்சு, இனி ஒண்ணுக்கொண்ணு சேந்துக்கிரும்.’ சாமி, பூசை எதுவும் இல்லாமல் நம் அப்பா எப்படி வளர்த்தார் என்று உனக்குத் தெரியும். அவர் மகள், சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொட்டு வைத்த லேப்டாப்பைத் திறந்து, கற்பூர வாசனையில் கடவுச்சொல்லைத் தட்டினேன். மாப்ள மசியவில்லை. அம்மா படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ‘பொருத்தம் இல்லாட்டி பொட்டு என்ன செய்யும்’ என்றாள்.

என் போனில் வைஃபை மாடிவரை அரைகுறையாகத்தான் எட்டும், அதனால் போன் சிக்னலை வைத்தே சமாளிக்கலாம் என்று தொட்டி ஓரத்தில் ஸ்டூல் போட்டு நெறியாளரோடு ஒத்திகை பார்த்தேன். என் முகத்துக்குப் பின்னால் சோலையம்மாளின் சேலைகள் பறந்தன. ‘பின்னாடி என்னம்மா, ஏதும் மாநாடா?’ என்று கேட்டார். துணி சார் என்று சொல்வதற்குள் இணைப்பு போய்விட்டது. மறுபடி வந்தபோது அவர் சிரிக்கவில்லை. ‘முத்துமீனா, தேர்வு அன்னைக்கி இப்படி நடுவுல அந்துச்சுன்னா தேர்வாளர் தள்ளி வைக்கச் சொல்லிருவாரு. நான் போனப்பறம் இத யாரு எடுத்து நடத்துவான்னு எனக்கே தெரியல. வேற ஏற்பாடு பாருங்க’ என்றார். அன்று இறங்கி வரும்போது படியில் திவ்யா எதிரே வந்தாள். என் முகத்தைப் பார்த்து, ‘என்னாச்சு டீச்சர்?’ என்றாள். சொன்னேன். அவள் சின்னப் பெண், அதிகம் பேச மாட்டாள். ‘அந்தப் பாஸ்வேர்டுல மொத எழுத்து பெருசா, சிறுசா டீச்சர்?’ என்று மட்டும் கேட்டாள். இந்த நேரத்தில் இவளுக்கு இது எதற்கு என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்தேன்.

இனிமேல்தான் நன்றி. அடுத்த நாள் கல்லூரியிலிருந்து வந்து, பழக்கத்தில், நம்பிக்கை எதுவும் இல்லாமல், லேப்டாப்பைத் திறந்து கடவுச்சொல்லைப் போட்டேன். ஒரு சுற்று சுற்றியது, நின்றது. கோடுகள் அத்தனையும் நிறைந்து நின்றன. ‘மாப்ள’ என்ற பெயருக்குக் கீழே ஒரே சொல்: இணைக்கப்பட்டது. அம்மாவிடம் சொன்னேன். ‘தேதி கேட்டியா?’ என்றாள்.

ஓடிப்போய் உன்னை அழைத்தேன். ‘அப்டேட் ஏதாச்சும் வந்திருக்கும்க்கா. நாந்தான் அப்பவே சொன்னேன்ல, எறங்கிரும்னு’ என்றாய். சொன்னாய் தம்பி. நான்தான் நம்பவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு முறைகூட அறவில்லை. நெறியாளரோடு இன்னொரு ஒத்திகையும் முடிந்துவிட்டது, ‘இப்பத்தான்மா ஒங்க மொகமே தெரியுது’ என்றார். உன் கொள்கையை நான் இப்போது முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். புதியது பழையதை ஒதுக்காமல், அதன் மொழியில், அதன் வேகத்துக்கு இறங்கிப் பேசுகிறது. பழையதை ஒருவரும் கழற்ற வேண்டியதில்லை, ஒருவரும் வருத்தப்பட வேண்டியதில்லை. இப்படி ஓர் ஏற்பாட்டை மனிதர்கள் உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஐம்பதை நெருங்கும் வயதில் தன்னைவிட இளைய ஆய்வாளர்களுக்கு நடுவே ஆய்வு செய்து பட்டத்துக்கு உட்காருகிறவளுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. யார் இறங்கி வர வேண்டும் என்று கேட்டால், முடிந்தவர் இறங்கி வர வேண்டும். உன் அட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது. வகுப்பில்கூட ஒரு நாள் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

நல்லகாமன் ஐயாவிடம் வண்டி கிளம்பிவிட்டது என்று போய்ச் சொன்னேன். ‘பொட்டு லேட்டாத்தான் வேல செய்யும்’ என்றார். நாளை பதினோரு மணிக்குக் கீழ்வீட்டில் எல்லாரும் போனை அணைத்துவிடுவதாக முடிவாகியிருக்கிறது, சீரியல் உட்பட.

நீ அனுப்பிய லேப்டாப்புக்கும், அதைவிட அதிகமாக நீ பொறுமையாக விளக்கியதற்கும், நம்பாத அக்காவின் நன்றி. நீயும் உன் வீட்டாரும் எல்லா இணைப்புகளும் அறாமல் நெடுநாள் வாழ வேண்டும். அம்மா தன் ஆசிகளை மிட்டாயில் அனுப்புகிறாள். எண்ணிக்கை குறைந்தால் கூரியர்க்காரரைச் சந்தேகப்படாதே, கட்டும்போது நானும் பக்கத்தில் இருந்தேன்.

அன்புடன்,
முத்துமீனா

பின்குறிப்பு (திங்கள் மாலை): மிட்டாய்ப் பெட்டி இன்னும் ஒட்டப்படவில்லை, அதனால் இதைச் சேர்க்க முடிகிறது. மேலே எழுதியதில் நன்றியை மட்டும் வைத்துக்கொள், மற்றதை எல்லாம் அடித்துவிடு.

தேர்வு பதினோரு மணிக்குத் தொடங்கியது. படம் தெளிவாக இருந்தது. கப்பலூர் ஆலைகள் வெளியே கொடுக்கும் வேலையை வீட்டில் வைத்துச் செய்யும், பதிவேட்டில் பெயர் வராத பெண்களைப் பற்றிய என் ஆய்வைச் சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். தேர்வாளர் கேள்விகளைத் தொடங்கினார். யாருடைய கணக்கிலும் வராத உழைப்பு என்கிறீர்கள், அது நடக்கிறது என்பதே வெளியே எப்படித் தெரியும், அது நின்றால்தானே தெரியும் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும்போது படியில் காலடி கேட்டது. நல்லகாமன் ஐயா. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, இரண்டு கையிலும் ஏந்தியபடி அந்தப் பெட்டி, பூவோடும் பொட்டோடும். நேராக வந்து என் மேசையில், கேமராவுக்கு முன்னால் வைத்தார். கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு, பேருந்தின் கடைசி சீட்டு வரை கேட்கும் குரலில் சொன்னார்:

‘டீச்சரம்மா, வயசான பெட்டி, கீழ இருந்து மாடிக்கு ஏறி வாரதுக்குள்ள மூச்சு வாங்கும். அதான் பக்கத்துலயே கொண்டாந்துட்டேன். நீங்க பேசுங்க.’

தேர்வாளர் மரியாதையாக, அது என்ன என்று கேட்டார். வைஃபை பெட்டி என்றேன். சொல்லும்போதுதான் பார்த்தேன், அதன் பின்பக்கத்தில் ஒரு வயரும் இல்லை. மின்சார வயர் அவர் தோளில் துண்டு மாதிரி கிடந்தது. பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. தேர்வாளரோ தங்குதடையில்லாமல் பேசிக்கொண்டிருக்கிறார். கோடுகள் அத்தனையும் நிறைந்து நிற்கின்றன. மாப்ள, இணைக்கப்பட்டது.

வாசலில் திவ்யா நின்றாள். இரண்டு கையையும் கூப்பி, தலையை இட வலமாக ஆட்டினாள். சொல்லிராதீங்க.

அம்மாவுக்கு அந்தச் சைகை தெரியவில்லை. ‘என்னங்கய்யா, இதுல வயரே இல்ல, எப்படி ஓடுது?’ என்று கேட்டுவிட்டாள்.

நல்லகாமன் ஐயா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். தோளில் கிடந்த வயரைத் தொட்டுப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். கடைசியில் வாசலைப் பார்த்தார், அங்கே மருமகளின் கை அதற்குள் கீழே இறங்கியிருந்தது. பிறகு என் அம்மாவிடம் திரும்பினார்.

‘வயர் இல்லாமத்தான் ஓடும். பேரே வயர்லெஸ்தான? மாப்ள வாங்குனதுன்னா சும்மாவா?’

பெட்டியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்த நடையில் இறங்கிப் போனார். திவ்யா சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். தேர்வாளர் கேட்ட கேள்வி இன்னும் நிற்கிறதே என்று நெறியாளர் நினைவூட்டினார். நேற்றுவரை நான் தயாரித்து வைத்திருந்த பதில் வேறு. நின்றால்தான் தெரியும் என்பது சரியில்லை, தடையில்லாமல் எது ஓடுகிறதோ அதற்குப் பின்னால் போய்த் தேட வேண்டும், பெயர் வேறு யாருடையதாகவோ இருக்கும் என்று ஏதோ சொன்னேன். முழுவதும் நினைவில்லை. அவர் எழுதிக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து வாழ்த்துச் சொன்னார்கள். உன் அக்கா முனைவர். அம்மா இப்போதுதான் மூன்றாவது தெருவரை சொல்லிவிட்டு வந்தாள்.

திவ்யா மதியம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். படியில் என்னைப் பார்த்த மறுநாள், மாமனார் வெளியே போயிருந்த நேரத்தில், தன் அம்மா வீட்டில் சும்மா கிடந்த ஒரு பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறாள். கேபிள் அடுப்படி ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. அங்கேயே அதை மாட்டி, அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டாள், அந்த வீட்டில் மாமனார் கால் வைக்காத ஒரே இடம் அது. அதே ‘மாப்ள’ என்ற பெயர், அதே கடவுச்சொல். மாமனார் போனைத் துடைத்துத் தருவதாக வாங்கி, அதையும் புதுப் பெட்டியோடு சேர்த்துவிட்டாள். பழையதை ஆணியிலேயே விட்டு மின்சாரம் மட்டும் கொடுத்து விளக்கு எரிய வைத்திருக்கிறாள். ‘மாப்ள குடுத்தத மருமக கழட்டுனான்னு பேரு வாங்க முடியுமா டீச்சர்?’ என்றாள். என் மேசை சரியாக அடுப்படிக்கு மேலே இருக்கிறது, கோடுகள் ஏன் நிறைந்தன என்று புரிகிறதா?

ஆகவே தம்பி, உன் அட்டை மாப்பிள்ளையின் பெட்டியோடு ஒரு நாளும் பேசவே இல்லை. உன் கொள்கை தவறு என்று சொல்லவில்லை, இந்த வீட்டில் அது சோதிக்கப்படவில்லை என்கிறேன். இறங்கி வந்தது அட்டை இல்லை, திவ்யா. வகுப்பில் சொல்வதாக எழுதியிருந்தேனே, அதை அவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும், பெயர் சொல்லாமல். இந்தப் புதுப் பெட்டி எந்தத் தலைமுறை என்று அவளிடம் கேட்டேன். ‘தெரியல டீச்சர், என் தம்பி எப்பவோ வாங்குனது’ என்றாள். உன் முதல் கேள்விக்கு இப்போதும் என்னிடம் பதில் இல்லை.

மாலையில் தேர்வான சந்தோஷத்துக்குக் கேசரி கொண்டுபோனேன். பழைய பெட்டி மறுபடி ஆணியில், விளக்கு எரிய, தையில் மாப்பிள்ளை அண்ணாந்து பார்ப்பதற்குத் தோதாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நல்லகாமன் ஐயா எங்கோ வெளியே போயிருந்தார். திவ்யா என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப் போனாள். சுவரை ஒட்டிக் கிடந்த அரிசி டிரம் காற்றுப் போகிற அளவுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. அதன் பின்னால் இருந்த பெட்டியின் மேல் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். இன்னும் காயவில்லை. தான் வைக்கவில்லை என்கிறாள் திவ்யா.